அரேஞ்சர் தாவல் புராணம்

பாயிரம்

யமஹாவை விற்றுவிட்டு கோர்க் வாங்கப் போகிறேன் என்று ஒரு கீபோர்டுக்காரர் வாய் தவறிச் சொல்லிவிட்டால் போதும், சக கீபோர்டுக்காரர்கள் துக்கம் கேட்க வந்துவிடுவார்கள். "என்னண்ணே, நல்லாத்தானே போயிட்டிருந்துச்சு?" என்று ஆரம்பித்து, "சோறு போட்ட பொட்டிண்ணே அது" என்று மூக்கைச் சிந்துவார்கள். கோர்க்கை விற்று யமஹா வாங்கினாலும் இதே துக்கம், இதே வசனம். சோறு போட்ட பொட்டி மட்டும் வேறு.

இந்த வம்பில் சிக்காத புண்ணியவான்களுக்கு ஒரு விளக்கம். இடது கையில் கார்ட்ஸ் (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டம்) பிடித்த மாத்திரத்தில் டிரம்ஸ், பேஸ் கிடார், ரிதம் கிடார், வயலின் கோஷ்டி எல்லாவற்றையும் தானே கிளப்பிவிடுகிற பொட்டிக்கு அரேஞ்சர் கீபோர்டு என்று பெயர். கார்ட்ஸ் மாறினால் கோஷ்டியும் கூடவே மாறும். வலது கைக்கு மெட்டு மட்டும்தான் பாக்கி. எட்டுப் பேர் மேடையேறிச் செய்த வேலையை ஒருத்தர் செய்துவிடுவார். பேசிய சம்பளத்தை எட்டாகப் பிரிக்க வேண்டியதில்லை. பொட்டியின் மேல் பக்தி வர வேறு காரணம் தேட வேண்டாம்.

பக்தி தப்பில்லை. ஆனால் இந்தப் பொட்டிகளைப் படைத்த மகான்கள் யாருக்கு விசுவாசமாக இருந்தார்கள் என்று பார்த்துவிடுவது நல்லது. ஒருவர் ஆஸ்பத்திரிக் கருவி ரிப்பேர், ஒருவர் கடிகாரம், ஒருவர் இரவு விடுதி, ஒருவர் சிகரெட் மோதிரம். எல்லாருமே வேறு எங்கிருந்தோ இசைக்குத் தாவி வந்தவர்கள். வந்த பிறகும் சும்மா உட்காரவில்லை. அந்தத் தாவல்களைச் சொல்வதே இந்நூல். காப்புச் செய்யுளை அவரவர் வீட்டிலேயே சொல்லிக்கொண்டு வரவும்.

காவடிப் படலம்

ஜப்பானில் ஹமமாட்சு என்றொரு ஊர். அங்கே ஆஸ்பத்திரிக் கருவிகளைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தார் டொராகுசு யமஹா. கடிகார வேலையும் தெரியும். 1887-இல் அந்த ஊர் ஆரம்பப் பள்ளியில் இருந்த சீமை ரீட் ஆர்கன் மூச்சுவிட மறுத்தது. ஊரில் வேறு மெக்கானிக் கிடையாது. ஸ்டெதஸ்கோப்பைச் சரிசெய்கிறவருக்கு ஆர்கனையும் சரிசெய்யத் தெரியாதா என்று கூப்பிட்டுவிட்டார்கள்.

யமஹா பிரித்தார், பார்த்தார், சரிசெய்தார். கூடவே ஒரு நினைப்பும் வந்தது: இவ்வளவுதானா, இதை நாமே செய்யலாமே! எதைப் பிரித்தாலும் எல்லா மெக்கானிக்குக்கும் வருகிற நினைப்புத்தான். மற்றவர்கள் மாட்டி மூடிவிட்டு டீ குடிக்கப் போவார்கள். இவர் செய்தே விட்டார்.

செய்த ஆர்கனைத் தடியில் கட்டித் தொங்கவிட்டு, ஆளுக்கொரு முனையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, நண்பருடன் டோக்கியோவுக்கு நடந்தார். சுமார் 250 கிலோமீட்டர், நடுவே ஹகோனே மலை. பழனிக்குக் காவடி எடுப்பவருக்குப் போன இடத்தில் பஞ்சாமிர்தமாவது கிடைக்கும். இவருக்கு டோக்கியோ இசைப் பண்டிதர்களிடம் கிடைத்த பிரசாதம், "பொட்டி பரவாயில்லை, சுருதி சேரவில்லை" என்ற தீர்ப்பு. மனுஷர் அசரவில்லை. அங்கேயே தங்கிச் சுருதி சாஸ்திரம் படித்துவிட்டு ஊர் திரும்பி இரண்டாவது ஆர்கனைச் செய்தார். அது சேர்ந்தது. 1897-இல் கம்பெனி பிறந்தது.

பிற்பாடு அந்தக் கம்பெனி மூன்று சுருதிக்கவைகளைச் சின்னமாக வைத்துக்கொண்டது. டோக்கியோ பண்டிதர்களுக்கு இதைவிட மரியாதையாகப் பதில் சொல்ல முடியாது. நம்மூர் இளைஞர்கள் ஆர்எக்ஸ்100 பைக்கில் பார்த்துப் பூரித்ததும் அதே கவைகளைத்தான். சைலன்சரிலிருந்து வந்தது என்ன சுருதி என்பது வேறு விவகாரம்.

அதே யமஹாவிடம் சின்னப் பையனாகத் தொழில் பழக வந்தவர் கொய்ச்சி கவாய். நன்றாகக் கற்றுக்கொண்டார். 1927-இல் வெளியே வந்து, அதே ஹமமாட்சுவில், தம் பெயரிலேயே பியானோ கம்பெனி திறந்தார். இப்புராணத்தின் முதல் பிராண்டு தாவல் இதுவே. தாவியவர் வாடிக்கையாளர் அல்ல, வீட்டுப் பிள்ளை என்பதைக் குறித்துக்கொள்ளவும்.

கடிகாரப் படலம்

அமெரிக்காவில் லாரன்ஸ் ஹாமண்ட். மின்சாரக் கடிகாரக் கம்பெனி நடத்தினார். கடிகாரம் விற்காத காலம் வந்தபோது, தானே சீட்டுக் கலைத்துப் போடும் பிரிட்ஜ் மேஜை ஒன்றைச் செய்து விற்றுப் பார்த்தார். அதுவும் நெடுநாள் ஓடவில்லை. ஆனால் கடிகார மோட்டார் ஒரே வேகத்தில் சுற்றும் என்ற ஞானம் மிச்சமிருந்தது. அந்த மோட்டாரில் பல் வெட்டிய சக்கரங்களைக் கோத்துச் சுற்றவிட்டு, பக்கத்தில் காந்தத்தை வைத்தார். நாதம் பிறந்தது. 1935-இல் ஹாமண்ட் ஆர்கன் கடைக்கு வந்தது. இதைப் படைத்தவருக்கு ஆர்கன் வாசிக்கத் தெரியாது.

வாசிக்கத் தெரியாதவருக்கு விளம்பரம் செய்யத் தெரிந்திருந்தது. மாதா கோயில் குழாய் ஆர்கனில் வரும் எல்லா நாதமும் இதிலும் வரும் என்று அடித்துச் சொன்னார். குழாய் ஆர்கன்காரர்கள் கொதித்தார்கள். அமெரிக்க அரசின் வணிக ஆணையம் விசாரணை வைத்தது. சிகாகோ பல்கலைக்கழகத்துத் தேவாலயத்தில் 75,000 டாலர் குழாய் ஆர்கனையும் 2,600 டாலர் ஹாமண்டையும் கண்ணுக்குத் தெரியாமல் மாற்றி மாற்றி வாசித்து, எது எது என்று கேட்டார்கள். காதையே தொழிலாகக் கொண்ட நிபுணர்களும் பல இடங்களில் கோட்டை விட்டார்கள். 1938-இல் ஆணையம், குழாய் ஆர்கனுக்குச் சமம் என்று சொல்லக் கூடாது என்று ஹாமண்டுக்கு உத்தரவு போட்டது. இவ்வளவு நடந்த பிறகு அவர் எதற்காகச் சொல்ல வேண்டும்? அதான் ஊரே சொல்லிக்கொண்டிருந்ததே.

1950-இல் அதே ஹாமண்ட் கம்பெனி, இடது கைக்குப் பொத்தான்கள் வைத்த கார்ட் ஆர்கனை விட்டது. பொத்தானை அழுத்தினால் முழுக் கார்ட்ஸ் வந்துவிடும், விரலை விரித்துத் தேட வேண்டாம். ஒரு விரலில் ஒப்பேற்றுவது என்ற மகத்தான கொள்கை அன்றுதான் வர்த்தகப் பொருளானது.

டிரம்மர் வதைப் படலம்

இடது கைக்கு ஓய்வு கொடுத்தாயிற்று. அடுத்த பலி டிரம்மர். ஜூக்பாக்ஸ் செய்து பேர் வாங்கிய வுர்லிட்சர் கம்பெனி 1959-இல் சைட்மேன் என்ற மரப்பெட்டியை இறக்கியது. உள்ளே ஒரு தட்டு சுற்றும். சுற்றுகிற போக்கில் மின் தொடர்புகளைத் தொட்டுத் தொட்டு வால்ட்ஸ், ஃபாக்ஸ்ட்ராட், ரும்பா என்று தாளம் போடும். இந்த டிரம்மர் அட்வான்ஸ் கேட்க மாட்டார். ஒத்திகைக்கு லேட்டாக வர மாட்டார். பாடகியின் தங்கையைக் காதலிக்க மாட்டார். அமெரிக்க இசைக் கலைஞர் சங்கம் பயந்துபோய் எதிர்ப்புக் கொடி பிடித்தது. பயந்ததில் தப்பே இல்லை.

அந்தச் சைட்மேன் டோக்கியோவுக்கும் போனது. ஷிஞ்ஜுகு பகுதியில் சுடோமு காடோ என்பவர் இரவு விடுதி நடத்தினார். அங்கே அக்கார்டியன் வாசித்த தடாஷி ஒசனாய்க்குத் துணை சைட்மேன்தான். ஒசனாய்க்கு அதன் தாளம் பிடிக்கவில்லை. நானே இதைவிட நன்றாகச் செய்வேன், பணம் மட்டும் போடுங்கள் என்று முதலாளியைக் கரைத்தார். மேடையில் வாசிக்கிற ஆள் முதலாளியிடம் பணம் கேட்டுக் கிடைத்ததாகச் சரித்திரத்தில் பதிவான அபூர்வச் சம்பவம் இது. 1963-இல் டோன்கா-மேட்டிக் என்ற தாளப் பெட்டி வந்தது. அந்தக் கம்பெனிதான் பிற்காலத்து கோர்க்.

ஆக, கோர்க் கம்பெனி பிறந்ததே, கையிலிருந்த பிராண்டு பிடிக்காத ஒரு வாத்தியக்காரரின் சலிப்பில்தான். அந்தப் பரம்பரையில் வந்த பொட்டியை வைத்துக்கொண்டு பிராண்டு மாறுகிறவரைத் துரோகி என்று திட்டினால், முதலில் புரையேறுவது ஒசனாய்க்கு.

தன் வீட்டையே தாண்டிய படலம்

தாவுவதில் தலைவர் இகுதாரோ காகேஹாஷி. சிறு வயதிலேயே பெற்றோரை இழந்தவர். கடிகாரம் பழுதுபார்த்தார், ரேடியோவுக்கு மாறினார். நடுவில் காசநோய் வந்து ஆஸ்பத்திரியில் வருஷக்கணக்கில் கிடந்தும் பிழைத்து வந்தார். 1960-இல் ஏஸ் எலெக்ட்ரானிக் என்ற கம்பெனி கண்டு, ஏஸ் டோன் என்ற பெயரில் ஆர்கனும் தாளப்பெட்டியும் செய்தார். 1967-இல் வந்த அவருடைய ரிதம் ஏஸ் பெட்டியில் இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்தினால் இரண்டு தாளமும் கலந்து புதுசாக ஒன்று வரும். ஹாமண்ட் கம்பெனியே அதை வாங்கித் தன் ஆர்கன்களில் வைத்துக்கொண்டது. குழாய் ஆர்கன்காரர்களின் வயிற்றில் புளி கரைத்த வீட்டுக்கு ஓசாகாவிலிருந்து தாளம் போனது.

பிறகு ஏஸ் கம்பெனியின் பெரும்பங்கு, இசைக்குச் சம்பந்தமில்லாத பெரிய கைகளுக்குப் போய்ச் சேர்ந்தது. காகேஹாஷி யோசித்தார். 1972-இல் தாம் பெற்று வளர்த்த கம்பெனியை விட்டு வெளியே வந்து, அதற்கே போட்டியாக ரோலண்ட் கம்பெனியை ஆரம்பித்தார். நாம் கீபோர்டு மாற்றுவதற்கு மூன்று மாதம் தூங்காமல் புரளுகிறோம். இவர் கம்பெனியையே மாற்றினார்.

1983-இல் டேவ் ஸ்மித் என்ற அமெரிக்கரோடு சேர்ந்து மிடி என்ற ஏற்பாட்டை உலகுக்குக் கொடுத்தார். எந்தக் கம்பெனிப் பொட்டியும் எந்தக் கம்பெனிப் பொட்டியோடும் ஒரு கேபிளில் பேசிக்கொள்ளலாம். பிராண்டு பேதம் ஒழிந்தது என்று எல்லாரும் கை தட்டினார்கள். 1991-இல் இன்னும் ஒரு படி மேலே போய், 128 வாத்தியங்களுக்கு எல்லாக் கம்பெனியும் ஒரே வரிசை எண் கொடுப்பது என்று ஜெனரல் மிடி ஒப்பந்தம். மை காயவில்லை. அதற்கு மேல் கொஞ்சம் என்று ரோலண்ட் ஜிஎஸ் என்றது. 1994-இல் அதற்கும் மேல் கொஞ்சம் என்று யமஹா எக்ஸ்ஜி என்றது. சமபந்தி போஜனத்துக்கு வந்தவர்கள் அவரவர் ஊறுகாயை மடியில் கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள்.

2013-இல், 83 வயதில், காகேஹாஷி ரோலண்டையும் விட்டார். வீட்டில் உட்கார்ந்து பேரப்பிள்ளைகளைக் கொஞ்சவில்லை. ஏடிவி என்ற புதுக் கம்பெனி ஆரம்பித்தார். "என்னண்ணே, நாப்பது வருஷம் ரோலண்ட்ல இருந்துட்டு" என்று அவரிடம் யார் போய்க் கேட்பது?

சிகரெட் மோதிரப் படலம்

போருக்குப் பிந்திய ஜப்பானில் சிகரெட்டுக்குப் பஞ்சம். காஷியோ சகோதரர்கள் விரலில் மாட்டிக்கொள்ளும் மோதிரம் ஒன்றைச் செய்தார்கள். அதில் சிகரெட்டைச் செருகிக்கொண்டால் கை வேலையும் நடக்கும், சிகரெட்டையும் அடிக்கட்டை வரை இழுக்கலாம். அந்தப் புகையில் வந்த காசு கால்குலேட்டர் ஆராய்ச்சிக்குப் போனது. 1957-இல் கேசியோ என்ற பெயரில் மேஜை அளவுக்கு ஒரு கால்குலேட்டர் பிறந்தது. மோதிரத்திலிருந்து கணக்குக்குத் தாவியவர்கள் 1980-இல் கேசியோடோன் 201 வழியாக இசைக்கும் தாவினார்கள். அதில் 29 வாத்திய ஒலிகள்.

பழைய தொழில் ரத்தத்திலிருந்து லேசில் போகாது. 1981-இல் அவர்கள் விட்ட விஎல்-1 பாதி கீபோர்டு, பாதி கால்குலேட்டர். எட்டு இலக்க எண் ஒன்றைத் தட்டினால் அந்த எண்ணுக்கு ஏற்றபடி ஒலியின் குணம் மாறும். கச்சேரி முடிந்த கையோடு வரவு செலவையும் அதிலேயே போட்டுப் பார்க்கலாம். கச்சேரிக்காரர்களின் தேவையை இவ்வளவு துல்லியமாகப் புரிந்துகொண்ட கருவி அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

அந்தக் காலத்தில் கேசியோவில் புதிதாகச் சேர்ந்தவர் ஹிரோகோ ஒகுடா. இசைக் கல்லூரியில் ரெகே இசையைப் பற்றி ஆய்வேடு எழுதிய பெண். எம்டி-40 என்ற சின்ன கீபோர்டுக்கு ஸ்டைல்கள், அதாவது பொத்தானை அழுத்தினால் ஓடும் தயார் பின்னணிகள், போடும் வேலை அவருக்கு வந்தது. அதில் ராக் என்று பெயரிட்ட ஒரு ஸ்டைல் இருந்தது. 1985-இல் ஜமைக்காவில் வெய்ன் ஸ்மித் என்ற பாடகர் கோஷ்டி அந்தப் பொத்தானை அழுத்த, கிங் ஜாமி என்ற தயாரிப்பாளர் வேகத்தைக் குறைக்க, ஸ்லெங் டெங் என்ற பாட்டு பிறந்தது. ஜமைக்கா இசையே அதோடு மின்னணுப் பக்கம் சாய்ந்தது. அதே பேஸ் மேல் நூற்றுக்கணக்கான பாட்டுகள் வந்தன. "பொம்மை கீபோர்டு" என்று கேசியோவை இளக்காரம் பேசுகிறவர்கள் கவனிக்க: ஒரு தேசத்தின் இசையைத் திசை திருப்பிய பொட்டி இதுவரை இது ஒன்றுதான். நம் கையிலிருக்கும் விலை உயர்ந்த பொட்டி பக்கத்து மண்டபத்தின் இசையைக்கூடத் திருப்பவில்லை.

சம்பந்திப் படலம்

யமஹாவும் கோர்க்கும் பாம்பும் கீரியும் என்றுதானே நினைப்பு? 1987-இல் கோர்க் கம்பெனியின் பெரும்பங்கை வாங்கியவர்கள் யமஹாகாரர்கள். மேடைக்குக் கீழே யமஹா ரசிகரும் கோர்க் ரசிகரும் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்த காலத்தில், மேலே இரண்டு வீடும் சம்பந்தம் செய்து தாம்பூலம் மாற்றியிருந்தன. 1993 வாக்கில் காடோ பங்கைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அதே 1993-இல் கோர்க்கின் ஐ3 வந்து அரேஞ்சர் சந்தையில் யமஹாவுடன் மோதியது. சம்பந்தம் முறிந்த வீட்டில் சண்டை உக்கிரமாக இருக்கும் என்பது தெரிந்ததே.

துருத்திப் படலம்

இத்தாலியில் மார்க்கே என்றொரு மாநிலம். அங்கே லொரேட்டோ மாதா கோயிலுக்கு யாத்திரை வந்த ஆஸ்திரியர் ஒருவர், 1863-இல், காஸ்டெல்ஃபிடார்டோ ஊரில் ஒரு குடியானவர் வீட்டில் இரவு தங்கினாராம். அவர் கையிலிருந்த துருத்திப் பெட்டி அந்த வீட்டுப் பையன் பவோலோ சொப்ரானி கண்ணில் பட்டது. பையன் பிரித்தான். (மெக்கானிக்கின் நினைப்பு அவனுக்கும் வந்தது.) ஊரே அக்கார்டியன் ஊராகிவிட்டது.

அக்கார்டியன் மவுசு குறைந்ததும் அந்த ஊர்க்காரர்கள் எலெக்ட்ரானிக் ஆர்கனுக்குத் தாவினார்கள். அக்கார்டியன் வீடுகள் சில கூடி 1946-இல் தொடங்கிய ஃபார்ஃபிசா, எல்கா, க்ரூமார் எல்லாம் அந்த மண்ணின் பயிர். ஜப்பான்காரர்கள் வாசனை பிடித்து அங்கேயே வந்தார்கள். ரோலண்ட், அக்வாவிவா பிசேனா ஊரில் இருந்த சியல் கம்பெனியை வாங்கி, 1988-இல் இ-20 என்ற அரேஞ்சரை விட்டது. கோர்க்கின் பா வரிசைப் பொட்டிகள் ஒசிமோவில் உருவாகின. கெட்ரான் கம்பெனி அன்கோனாவில். எல்லாம் அதே மார்க்கே.

இப்போது ரோலண்டை விட்டு கோர்க்குக்கோ, கோர்க்கை விட்டு கெட்ரானுக்கோ பெரும் மனப் போராட்டத்துக்குப் பின் தாவும் அன்பர், ஒரே அக்கார்டியன் நாட்டில் ஒரு பஸ் மாறி இறங்குகிறார். அவ்வளவே.

அனாதைப் படலம்

கம்பெனியை விட்டு நாம் போவது ஒரு வகை. கம்பெனி நம்மை விட்டுப் போவது இன்னொரு வகை. பானாசோனிக் பெயரில் ரைஸ் குக்கர் செய்த மட்சுஷிடா நிறுவனம், டெக்னிக்ஸ் என்ற பெயரில் கேஎன் வரிசை அரேஞ்சர்களும் செய்தது. பெரிய திரை, தித்திக்கும் வயலின் ஒலி. பக்தர்கள் கேஎன்1000 வாங்கினார்கள், விற்றார்கள், கேஎன்2000, 3000, 5000, 6000 என்று எண் ஏற ஏறக் கூடவே ஏறினார்கள். 2002-இல் கேஎன்7000 வந்தது. கேஎன்8000-க்குக் காசு சேர்க்க ஆரம்பித்தார்கள். அது வரவேயில்லை. கம்பெனி கீபோர்டுக் கடையையே கட்டிவிட்டது.

வயிற்றெரிச்சல் அதோடு தீரவில்லை. 2010-இல் நிறுத்திய டெக்னிக்ஸ் ரெக்கார்டு பிளேயரை 2016-இல் உயிர்ப்பித்தார்கள். கீபோர்டுக்கு அந்த யோகம் இல்லை. ரோலண்டும் 2013-இல் தன் இத்தாலியத் தொழிற்சாலையை மூடியது. விசுவாசம் இருபக்கமும் ஓடும் சமாசாரம் என்று நம்பியவர்கள் கையில் கடைசியில் மிஞ்சியது ஃப்ளாப்பி டிஸ்குகள். அவற்றைப் படிக்க டிரைவும் கிடைக்கவில்லை, சூடான பாத்திரத்தை அவற்றின் மேல் வைக்கவும் முடியவில்லை.

விரல் பிராயச்சித்தப் படலம்

சரி, தாவியாயிற்று. இனி அனுபவிக்க வேண்டியது விரல். ஒரு விரல் வித்தையை எடுத்துக்கொள்வோம். கேசியோ சட்டப்படி, மைனர் வேண்டுமானால் மூலக் கட்டையோடு வலப்பக்கத்தில் இன்னொரு கட்டை. யமஹா சட்டப்படி, மூலக் கட்டையோடு இடப்பக்கத்துக் கறுப்புக் கட்டை. கேசியோவில் வளர்ந்தவர் யமஹாவில் உட்கார்ந்து சோகப் பாட்டுக்கு சி-யையும் பக்கத்து டி-யையும் அழுத்துவார். யமஹா அதை டி செவன்த் என்று புரிந்துகொள்ளும். காதலி பிரிந்த பாட்டில் காதலி திரும்பி வந்து காப்பி கேட்பாள்.

முழுக் கார்ட்ஸ் பிடிக்கும் வித்துவான்களுக்கு வேறு தண்டனை. பழைய யமஹா பெரிய பொட்டிகளில் சுருதி வளைக்க ஒரு சக்கரம், நடுக்கத்துக்கு ஒரு சக்கரம். கோர்க்கிலும் ரோலண்டிலும் இரண்டுக்கும் ஒரே குச்சி. பக்கவாட்டில் தள்ளினால் வளையும், மேலே தள்ளினால் நடுங்கும். சக்கரத்தை மேலே உருட்டிக் கமகம் கொடுத்துப் பழகியவர் குச்சியையும் மேலே தள்ளுவார். கமகம் வர வேண்டிய இடத்தில் குளிர் ஜுரம் வரும். ஆறு மாதம் பாடுபட்டு அவர் பக்கவாட்டுக்குப் பழகியிருப்பார். 2017-இல் யமஹாவே ஜெனோஸ் பொட்டியில் சக்கரத்தை விட்டுக் குச்சிக்குத் தாவியது. தாவாமல் காத்திருந்தவருக்கும் அதே ஆறு மாதம்.

அடுத்தது ஸ்டைல். பழைய பொட்டியில் சேர்த்து வைத்த ஸ்டைல்களைப் புதுப் பொட்டி படிக்காது. மாற்றிக் கொடுக்க மென்பொருள் உண்டு. மாறுவதும் உண்டு. ஆனால் யமஹா கிடார் ஒலிகளில் மெகா வாய்ஸ் என்று ஒரு சூட்சுமம் வைத்திருக்கிறார்கள். கட்டை அடிக்கிற அழுத்தத்தைப் பொறுத்து ஒரே கட்டை ஒரு இடத்தில் மீட்டலாகும், ஒரு இடத்தில் வழுக்கலாகும். உச்சக் கட்டைகளில் நோட்டே கிடையாது, கம்பியில் விரல் உரசும் சத்தம் மட்டும். இந்த ரகசியம் கோர்க்குக்குத் தெரியாது. உரசல் இருந்த இடத்திலெல்லாம் அது நேர்மையாக உச்சஸ்தாயி நோட்டை வாசிக்கும். இதமான கிடார் பின்னணிக்கு நடுவே எலி ஒன்று மாட்டிக்கொண்டு கத்தும். அதைத் தேடிப் பிடித்து அழிப்பது முழு நேர வேலை.

பொத்தான்களும் பெயர் மாற்றிக்கொண்டு நிற்கும். யமஹாவில் மெயின் ஏ, பி, சி, டி. கோர்க்கில் வேரியேஷன் 1, 2, 3, 4. எண்டிங் இருக்க வேண்டிய இடத்தில் கை போய் இன்ட்ரோவை அழுத்தும். மாலை மாற்றி முடிந்த மணமக்களுக்குப் பாட்டு முதலிலிருந்து தொடங்கும்.

வீட்டுப் பூசையும் உண்டு. "ஏங்க, இருக்கிற பொட்டிக்கே இன்னும் தவணை கட்டி முடியலையே?"

"இது வேற கம்பெனிடி."

"தவணை கேக்கறவன் ஒரே ஆளு தானே?"

இதற்கு எந்தக் கம்பெனி கையேட்டிலும் பதில் இல்லை.

நம்மூர்ப் படலம்

முன்பெல்லாம் நல்ல கீபோர்டு என்றால் சிங்கப்பூரிலிருந்து மாமா யாராவது வர வேண்டும். பெட்டியைத் திறக்கும்போது வரும் வாசனையிலேயே பாதி சங்கீதம் வந்துவிடும். பிறகு ஜப்பானியர்களுக்கு நம் மேல் கண் விழுந்தது. யமஹா, இந்திய வாத்திய ஒலிகளும் தாளங்களும் போட்டு ஐ என்ற எழுத்தோடு பிஎஸ்ஆர் வரிசை விட்டது. கேசியோ, ஐஎன் என்ற எழுத்தோடு விட்டது. ரோலண்ட், எக்ஸ்பிஎஸ்-10 கொண்டுவந்தது. இப்போது சென்னைக்குப் பக்கத்திலேயே யமஹா தொழிற்சாலை கீபோர்டு செய்கிறது. ஹகோனே மலை தாண்டிக் காவடி வந்த பொட்டி கடைசியில் நம் பக்கத்து ஊருக்கே வந்து குடியேறிவிட்டது. நம் வீட்டு மாமாவுக்கு மட்டும் மரியாதை குறைந்துவிட்டது.

நூற்பயன்

இப்புராணத்தைப் படித்தவர் பிராண்டு சண்டையில் சட்டை கிழியாமல் தப்புவார். கேட்டவர் பழைய பொட்டியை நல்ல விலைக்குத் தள்ளுவார். தாவியவருக்குப் பாவமில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து ஆர்கனுக்கும், சீட்டு மேஜையிலிருந்து சங்கீதத்துக்கும், தன் கம்பெனியிலிருந்து தன் கம்பெனிக்கே போட்டிக்கும் தாவியவர்கள் கட்டிய தொழில் இது. இதில் வாங்குகிறவன் ஒருத்தன் மட்டும் கற்புக்கரசனாக இருக்க வேண்டும் என்பது, விற்கிறவர்களுக்கு மட்டுமே வசதியான தர்மம்.

ஆனால் நாள் பார்க்க வேண்டும். புதுப் பொட்டியில் கை படிய ஒரு மாதமாவது கச்சேரி இல்லாமல் இருக்க வேண்டுமல்லவா? தையில் தாவலாம் என்றால் முகூர்த்தம். சித்திரை, வைகாசியில் திருவிழா. ஆடியில் கல்யாணம் இல்லை என்று நம்பினால் தெருவுக்கு ஒரு அம்மன் கோயில் கூழ் ஊற்றிக் கச்சேரி வைக்கும். ஆவணியில் பிள்ளையார். ஐப்பசியில் மறுபடி முகூர்த்தம். மார்கழி சும்மாதான் என்று பார்த்தால் சர்ச்சில் கிறிஸ்துமஸ் பாட்டுக்குக் கூப்பிடுவார்கள். கூட்டிக் கழித்தால் புரட்டாசி ஒன்றுதான் கொஞ்சம் காலி. கவுச்சியும் கிடையாது, கச்சேரியும் கம்மி. பொட்டியைப் பிரித்துவைத்து, எண்டிங் பொத்தான் எங்கே இருக்கிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள்.